விலகுதூரம்

ஆழித்துறையில் எந்தச் சுவருக்கும் சொந்தமாக ஒரு சொல் கிடையாது. கடைப்பலகை, பேருந்து நிறுத்தம், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாமே ஒளிரும் பக்கங்கள். மாறக்கூடிய விவரம் வருகிற இடத்தில் ஒரு குறுங்குறி மட்டும் செருகியிருக்கும். நகராட்சியின் மதிப்பறையில் அந்தக் குறிக்குரிய மதிப்பை ஒருமுறை மாற்றினால் போதும், அது இருக்கிற லட்சம் பக்கங்களும் அந்த நொடியே மாறிவிடும். மாற்றுகிற கை விண்ணரசியுடையது. பன்னிரண்டு வருஷமாக அதே நாற்காலி.

அன்று காலை பதினொரு மணிக்கு வந்தது ஒரு சில்லறைக் கோரிக்கை. மீன்கடைகள் சாலையிலிருந்து நாற்பது மீட்டர் விலகியிருந்தால் போதாதாம், வாடை அடிக்கிறதாம், முந்நூறாக்க வேண்டுமாம். அவள் 'விலகுதூரம்' என்ற குறியைத் திறந்து, நாற்பதை எடுத்துவிட்டு முந்நூறு என்று அடித்தாள். பிறகு டீயைக் கையிலெடுத்தாள்.

டீ வாய்க்குப் போகவில்லை. எதிரே சுவர்த்திரையில் நன்னீர் ஆலை வாசல் தெரிந்தது. நான்கு நாளாக அங்கே வேலைநிறுத்தம். வாசலுக்கு நூறு மீட்டர் தள்ளி, சட்டப்படி, இருநூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவளுடைய தம்பி ததேயுவும் அதிலே ஒருவன். வாசல் மேலிருந்த ஆறு துப்பாக்கிக் காவற்பொறிகளும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பின. முன்வரிசையில் இருந்த ஒருவரின் தாடை பிய்ந்து பக்கத்திலிருந்தவள் மடியில் விழுந்தது. அவள் கத்த வாயைத் திறந்தாள். அடுத்த குண்டு அவளுக்கு.

விண்ணரசிக்கு அப்போதுதான் உறைத்தது. காவற்பொறியும் தன் உத்தரவுப் பக்கத்தைப் படித்துத்தான் சுடும். மூன்று வருஷத்துக்கு முன் அந்தப் பக்கத்தை எழுதியவள் அவள்தான். வாசலுக்கு நாற்பது மீட்டருக்குள் வருகிறவரைச் சுடு என்பது உத்தரவு. புதுக் குறி உண்டாக்க ஏழு படிவம் நிரப்ப வேண்டும். மீன்கடைக் குறியிலும் நாற்பதுதானே இருக்கிறது என்று அதையே செருகிவிட்டாள். அந்த அறையில் எல்லாரும் செய்கிற காரியம்தான். ஆனால் எல்லாருடைய சோம்பலும் ஆளைக் கொல்லவில்லையே, பாவி!

மதிப்பை அழிக்கவும் முடியாது. வெற்றிடம் என்றால் எல்லையே இல்லை என்று பொறிகள் எடுத்துக்கொண்டு ஊர் முழுக்கச் சுடும். திரும்ப நாற்பதாக்க வேண்டும். ஒரே நாளில் இரண்டாம் முறை மாற்ற மேலாளரின் கட்டைவிரல் ரேகை வேண்டும்.

"சார், விரல வைங்க சார்! வாசல்ல சுடுது!"

மேலாளர் அருமைநாயகம் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கைகள் இரண்டையும் அக்குளில் செருகிக்கொண்டார்.

"என் ரேகை விழுந்துச்சுன்னா தப்பு என் தலையிலல்லா விடியும். மேலிடத்துல ஒரு வார்த்த கேட்டுக்கிடுறேன்மா."

அவர் போனைத் தேடிக் குனிந்தபோது விண்ணரசி நாற்காலியைத் தூக்கி அவர் முகத்தில் அடித்தாள். மூக்கு உடைந்து ரத்தம் மேஜையில் கொட்டியது. விழுந்தவரின் மார்பில் முழங்காலை ஊன்றி வலது கையைப் பிடித்து இழுத்தாள். அவர் விரலை மடக்கினார். அவள் பின்னால் வளைத்தாள், எலும்பு முறிந்தது. அலறலைக் காதில் வாங்காமல் ரத்தத்தைத் தன் சேலையில் துடைத்துவிட்டு அந்த விரலை ரேகைத் தகட்டில் அழுத்தினாள்.

நாற்பது. பொறிகள் தலையைத் தாழ்த்தின. முப்பத்தொரு பேர் எழுந்திருக்கவில்லை. அவர்களில் தம்பி இருக்கிறானா என்று திரையை எவ்வளவு பெரிதாக்கியும் தெரியவில்லை. போன் அடித்தது.

"யக்கா..." ததேயுவின் குரல். "உயிரோட கெடக்கேன்க்கா. பக்கத்துல உக்காந்திருந்த கிறிஸ்டோபருக்கு வயிறு கிழிஞ்சு ஒண்ணுமே இல்ல. நான்தான் கையால பொத்திக்கிட்டு இருந்தேன். எவனோ பொறிய மாத்திவிட்டுருக்கான். அவன் பேரு மட்டும் தெரியட்டும், சங்க அறுத்துட்டுத்தான் வீட்டுக்கு வருவேன்."

அதற்குள் மேஜைத்திரையில் மேலிடத்து உத்தரவு வந்துவிட்டது. முப்பத்தொரு இறப்புச் சீட்டு, ஊர்ச் சுவர்கள், பத்திரிகைப் பக்கங்கள் எல்லாவற்றிலும் 'காரணம்' என்ற புதுக் குறி செருகியாயிற்று. அவள் அடிக்க வேண்டிய மதிப்பும் உத்தரவிலேயே இருந்தது: தொழிலாளர் கல்வீச்சு. அப்படி அடித்தால் அவள் வேலையும் கழுத்தும் தப்பும். அந்த வாசலில் ஒருவர் கையிலும் ஒரு கல் இருந்ததில்லை.

"யக்கா, கேக்கியா?"

"கேக்கேன்டா."

அவள் ஒரு கையால் அடித்தாள்: மதிப்பறை விண்ணரசியின் தவறு. அனுப்பினாள்.

ஆலைச் சுவர் மாறியதும் சுற்றியிருந்தவர்கள் உரக்கப் படிப்பது போனில் கேட்டது. அவனும் படித்திருப்பான்.

"யக்கா," என்றான் கடைசியில், குழந்தை மாதிரி. "அது எந்த விண்ணரசி?"