ஐஸ் எடுக்கப் போனவன்

ஸ்பீக்கரில் கடல்நாய்களின் சத்தம் திடீரென்று நின்றுபோனது.

அதுவரை, தண்ணீருக்குள் இறக்கிவிட்ட மைக் வழியாக, உருகும் பனிக்கட்டிகள் எண்ணெயில் விழுந்த கடுகு மாதிரி படபடவென்று வெடிப்பதையும், ஆழத்தில் எங்கேயோ கடல்நாய்கள் நீளமாக உறுமுவதையும், பனியாற்றுச் சுவரிலிருந்து இறங்கும் குளிரில் மூக்கு சிவந்துபோன பயணிகள் ரப்பர் படகில் நெருக்கியடித்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"என்ன மேரன், உங்க கடல்நாய்ங்க எல்லாம் காபி குடிக்கப் போயிடுச்சா?" என்றார் வெண்டல், பல் டாக்டர்.

மேரன் சிரித்துவைத்தாள். வழிகாட்டியாச்சே, சிரித்துத்தானே ஆக வேண்டும். ஆனால் அவள் கண்கள், எதிரே மிதக்கும் பெரிய பனிமலையின் மீதே இருந்தன. அதற்குப் பின்னால்தான் அவள் தம்பி டோபி சின்னப் படகில் போயிருந்தான். சாயங்கால விஸ்கிக்குப் பனியாற்று ஐஸ் போட்டுக் கொடுப்பது இவர்கள் வந்த கப்பலின் வழக்கம். தெளிந்த கட்டியாகப் பார்த்து, தண்ணீருக்குக் குனிந்து கையால் தூக்க வேண்டும். தனியாகப் போகவே கூடாத வேலை. நேரமாகிவிட்டதென்று அவள்தான் அவனைத் தனியாக அனுப்பினாள். பாழாய்ப்போன விஸ்கிக்காக!

ஸ்பீக்கரில் டொக், டொக் என்று ஏதோ தட்டியது. பிறகு, வாய் நிறையத் தண்ணீரோடு யாரோ பேசினார்கள்.

"அக்கா."

வெண்டலின் சிரிப்பு நின்றது. மேரன் இடுப்பிலிருந்த வாக்கி-டாக்கியைப் பிடுங்கி எடுத்தாள்.

"டோபி! எங்கடா இருக்கே?"

"இங்கதான்க்கா. அதுக்குள்ள தேடிட்டியா?"

வாக்கி-டாக்கியில் வந்தது அவன் குரல்தான். போன உயிர் திரும்பி வந்தது.

"ஐஸும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். உடனே வாடா!"

"வந்துட்டேன்."

ஸ்பீக்கர் மறுபடி கரகரத்தது. "அக்கா... குளிருது... தூக்கி விடுக்கா..."

யாரோ ஒரு பெண் அழ ஆரம்பித்தாள். பனிமலையைச் சுற்றிக்கொண்டு சின்னப் படகு வந்தது. இன்ஜின் சத்தம் இல்லை. துடுப்பும் இல்லை. டோபி நின்றுகொண்டே வந்தான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"விழுந்துட்டியா?"

"வழுக்கிடுச்சுக்கா. கை குடு."

கொடுத்தாள். இரண்டு கையாலும் இழுத்துத் தன் படகில் ஏற்றினாள். கட்டிக்கொண்டாள். "நல்லவேளைடா... நல்லவேளை..." அழுகை வந்தது.

அவன் வாய் மூடியிருந்தது. சிரித்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, அது நான் இல்ல." ஸ்பீக்கர். "ஏத்தாதே. கையை விடு."

படகில் எல்லார் மூச்சும் வெள்ளைப் புகையாய் எழுந்தது. அவன் மூக்கருகே எதுவும் இல்லை.

மேரன் கையை விட்டாள்.

அந்தக் கை விடவில்லை.