பத்தொன்பதாம் அத்தியாயம் பிரமாதம்

வாய்தவறிக் கதையைச் சொல்லிவிட்டவர் அடுத்த சனிக்கிழமைக்குப் பலகாரம் கொண்டுவர வேண்டும். வாய்க்கால்கரை அடுக்ககத்து வாசகர் வட்டத்தின் முதல் விதி அதுதான். விதியைப் போட்டவள் சுடர்க்கொடி. திருச்சியில் உய்யக்கொண்டான் வாய்க்காலை ஒட்டி நிற்கும் அந்தப் பன்னிரண்டு மாடிக் கட்டடத்துக்குச் சங்கச் செயலாளரும் அவள்தான் என்பதால், விதி போடுவது அவளுக்குச் சோறு தின்பதுபோல. படித்த நாவலைப் பற்றிக் கருத்துச் சொல்லலாம், பரிந்துரைக்கலாம், அழுதேன் சிரித்தேன் என்று ஆயிரம் சொல்லலாம். யார் செத்தார், யார் யாரைக் கட்டிக்கொண்டார் என்று மட்டும் மூச்சுவிடக் கூடாது. மூன்று வருடமாக ஒருவரும் மாட்டவில்லை.

அந்த வாரம் எல்லாரும் படித்தது ‘உப்புக்காற்று வீடு’. படித்தது என்று பழைய பழக்கத்தில் சொல்கிறோமே தவிர, நாவல்கள் அச்சாவது நின்று பதினைந்து வருடம் ஆகிறது. கையில் நாடிவளையை மாட்டிக்கொண்டு ஏட்டுப்பலகையைத் திறந்தால், நெசவி என்கிற இயந்திரம் பக்கம் பக்கமாகக் கதையை நெய்து கொடுக்கும். வாசகரின் நாடி எங்கே துள்ளுகிறது என்று பார்த்து அடுத்த பக்கத்தை அதற்கேற்பப் பின்னும். அதனால் ஒருவர் கதையில் மீன்குழம்பு கொதித்தால் இன்னொருவர் கதையில் வத்தக்குழம்பு கொதிக்கும். ஒருவருக்கு நாகப்பட்டினம் என்றால் இன்னொருவருக்குத் தொண்டி. வித்தியாசம் அவ்வளவுதான் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். மற்றதெல்லாம் நெசவியை வாங்கும்போது கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் விவரமாக எழுதியிருந்தது. விழுந்து விழுந்து படிக்கிற இந்த வாசகர்களில் ஒருவர்கூட அதை மட்டும் படிக்கவில்லை.

அன்றைய கூட்டம் நான்காம் மாடியில் பர்வீன் வீட்டில். பர்வீன் பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுப்பவள், வட்டத்திலேயே சின்னவள். ஐந்தாம் மாடி செபஸ்தியான் வந்திருந்தார். முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்து ஓய்வுபெற்றவர், தனியாக இருப்பவர். சுடர்க்கொடியின் கணவர் வைத்தியலிங்கமும் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். அவர் மெதுவாகப் படிக்கிறவர். பாதிக் கதை தாண்டுவதற்குள் வட்டம் அடுத்த நாவலுக்குப் போய்விடும். அவர் வருவது போண்டாவுக்காக.

“பத்தொன்பதாம் அத்தியாயம் இருக்கே, பிரமாதம்!” என்றார் செபஸ்தியான். “பலகையைக் கீழ வைக்க முடியல. ரெண்டு நாள் சோறு இறங்கல எனக்கு.”

“எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. பத்துப் பேருக்குப் பரிந்துரை அனுப்பிட்டேன்” என்றாள் சுடர்க்கொடி.

“எனக்குக் கையெல்லாம் நடுங்கிடுச்சுக்கா. அந்தம்மா சாவிக்கொத்தோட படியில உருண்டு...” என்ற பர்வீன் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

“மாட்டினியா! அடுத்த வாரப் போண்டா உன்னோடது!” செபஸ்தியான் கைதட்டிச் சிரித்தார். பிறகு நெற்றியைச் சுருக்கினார். “படியா? லிஃப்ட்டுல்ல அறுந்து விழுந்துச்சு?”

சுடர்க்கொடிக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் கதையில் படியும் இல்லை, லிஃப்ட்டும் இல்லை. கடல்தான் இருந்தது. செத்ததும் ஓர் ஆண். செயலாளர் புத்தி சும்மா இருக்குமா? விசாரணையில் இறங்கிவிட்டாள்.

“விதியை இன்னிக்கு ஒருநாள் ஒத்திவைப்போம். உன் கதையில செத்தது யாரு, சொல்லு.”

“ஒரு பெரிய வீட்டை நிர்வாகம் பண்றவங்கக்கா. எல்லாரையும் விரட்டிக்கிட்டே இருப்பாங்க. இடுப்புல சாவிக்கொத்து. கழுத்துல பச்சைக் கயித்துல கண்ணாடி தொங்கும். எதுக்கெடுத்தாலும் ‘நான் சொல்றேன்ல, நான் சொல்றேன்ல’ன்னு...”

பர்வீனின் குரல் அப்படியே நின்றது. அவள் பார்வை சுடர்க்கொடியின் கழுத்தில் இருந்தது. அங்கே பச்சைக் கயிற்றில் கண்ணாடி தொங்கிக்கொண்டிருந்தது. இடுப்பில் மொட்டைமாடி, தண்ணீர்த்தொட்டி, மின்சார அறை என்று பதினோரு சாவி தொங்கியது. செபஸ்தியான் கடித்த போண்டாவை மெல்ல மறந்துபோனார்.

“உங்களுக்கு?” என்று அவரைக் கேட்டாள் சுடர்க்கொடி.

“எனக்கும் பச்சைக் கயிறுதாம்மா” என்றார் அவர்.

“நான் சொல்றேன்ல, இதெல்லாம் ஒண்ணுமில்ல” என்று சொல்லி எழுந்தவள், தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டுத் தானே நடுங்கிப்போனாள்.

அவள் வீடு ஒன்பதாம் மாடியில். நடைபாதைக்கு வந்ததும் கால் நகரவில்லை. வலதுபக்கம் லிஃப்ட், இடதுபக்கம் படி. செபஸ்தியான் கதையில் லிஃப்ட்டில் செத்தாள், பர்வீன் கதையில் படியில் செத்தாள். இரண்டையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஏன் நிக்கிற? ஏன் நிக்கிற சுடர்?” என்றார் வைத்தியலிங்கம். அவர் எதையும் இரண்டு தடவை கேட்பவர். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான்.

“ஒரு தடவ கேட்டா வாய் வலிக்குமா உங்களுக்கு? அந்த ரெண்டாவது தடவைதான் உசிரை வாங்குது!” என்று சீறினாள். கடைசியில் அவரை முன்னால் நடக்கவிட்டு, கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு ஐந்து மாடி ஏறினாள்.

வீட்டுக்குள் போனதும் ஒப்பந்தத்தைத் திறந்து முதல் தடவையாகப் படித்தாள். நாடிவளை படிக்கும்போது மட்டுமல்ல, நாள் முழுவதும் வேலை செய்யுமாம். யாரைப் பார்த்தால் வாசகரின் நாடி துள்ளுகிறது என்று குறித்துவைக்குமாம். அந்த ஆளை நெசவி வேறு பேர், வேறு ஊர் கொடுத்துக் கதைக்குள் கொண்டுவந்து, வாசகர் பலகையைக் கீழே வைக்க முடியாத இடத்தில் நிறுத்துமாம். வாசகரின் ஆர்வத்துக்கு ஏற்ப என்று போட்டிருந்தது.

ஆர்வமாம், ஆர்வம்! அவள் சாவதை இரண்டு பேர் மூச்சுவிடாமல் படித்திருக்கிறார்கள். படித்துவிட்டுப் பிரமாதம் என்கிறார்கள். மொட்டைமாடியில் பர்வீன் வைத்திருந்த கத்தரிச்செடித் தொட்டிகளை அப்புறப்படுத்தச் சொன்னது அவளுக்கு இப்போதுதான் நினைவு வந்தது. செபஸ்தியான் ஆசையாக வளர்த்த நாயை ஊருக்கு அனுப்பவைத்ததும் அவள்தான். அவள் மறந்துவிட்டாள். அவர்கள் மறக்கவில்லை போலிருக்கிறது.

மூன்று நாள் அவள் வீட்டைவிட்டு இறங்கவில்லை. பர்வீன் கொடுத்தனுப்பிய சேமியா பாயசத்தைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டிக் குழாயைத் திறந்துவிட்டாள். நடைபாதையில் செருப்புச் சத்தம் கேட்டால் ஓடிப்போய்க் கதவுச் சங்கிலியைத் தொட்டுப் பார்த்தாள். காலை ஏழு மணிக்கு மாடி மாடியாகப் போய்த் தண்ணீர் மானியைப் பார்ப்பது அவள் வழக்கம். அதுவும் நின்றது. இத்தனை வருடமாக இவர்களோடு ஒரே தட்டில் முறுக்கு எடுத்துத் தின்றிருக்கிறோமே என்று நினைக்க நினைக்க அவளுக்கு உடம்பு சில்லிட்டது.

செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்கு அழைப்புமணி அடித்தது. சங்கிலியை மாட்டியபடியே கதவைத் திறந்தாள். பர்வீனும் செபஸ்தியானும் ஆளுக்கொரு பலகையோடு நின்றார்கள்.

“அக்கா, ஒரே ஒரு நிமிஷம். இதைப் பாத்துட்டு அப்புறம் எங்களைத் திட்டுங்க” என்றாள் பர்வீன். அவள் கண் வீங்கியிருந்தது.

வைத்தியலிங்கம் வந்து சங்கிலியைக் கழற்றினார். செபஸ்தியான் உள்ளே வந்து மேசையில் பலகைகளைப் பரப்பினார். பக்கத்தின் ஓரத்தில் பச்சையாக ஒரு கோடு ஓடியது. வாசகரின் நாடிக்கோடு. யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை, கதைக்கு மற்றவர்கள் போட்ட மதிப்பெண்ணைத்தான் பார்ப்பார்கள்.

“ஒப்பந்தத்தை நாங்களும் படிச்சோம். நாடி துள்ளுதுன்னு மட்டுந்தாம்மா நெசவிக்குத் தெரியும். கோவத்துல துள்ளுதா, பாசத்துல துள்ளுதான்னு அதுக்குத் தெரியாது. ஆனா அந்த ஆள் சாகுற இடத்துல கோட்டைப் பாத்தா எனக்குத் தெரியும். முப்பது வருஷம் வேற என்னத்தைப் பாத்தேன்? ஒருத்தர் போயிடுவாங்களோன்னு பயந்தா கோடு ஏறும். ஏறுனது லேசுல இறங்காது. போய்த் தொலைஞ்சாங்கன்னு நிம்மதியானா இறங்கும். அப்படியே படுத்துக்கும்.”

பர்வீனின் கோடு படியில் கால் தடுக்கிய வரியில் செங்குத்தாக ஏறியிருந்தது. அடுத்த அத்தியாயத்திலும் இறங்கவில்லை. செபஸ்தியானின் கோடும் அப்படித்தான்.

“எங்கம்மா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப நாலு நாள் கூடவே நின்னது நீங்கதானேக்கா” என்று பர்வீன் அழத் தொடங்கினாள்.

“தெனம் ஏழு மணிக்கு மானி பாக்க வர்றீங்களே” என்றார் செபஸ்தியான். “மானியையா பாக்குறீங்க? நான் இருக்கேனா, போயிட்டேனான்னு பாக்குறீங்க. எனக்குத் தெரியாதா? மூணு நாளா நீங்க வரல. நான் ஏழு மணிக்குக் கதவைத் திறந்து வச்சுட்டு உக்காந்திருக்கேன்.”

பாயசத்தைக் கொட்டிய பாவி நான் என்று வாய்விட்டே அழுதாள் சுடர்க்கொடி. மூன்று நாள் பயமும் கரைந்து ஓடியது. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், சிரித்தார்கள்.

“உன்னது? உன்னது எப்படி இருக்கு சுடர்?” என்றார் வைத்தியலிங்கம்.

“பாத்துடுவோம் சார், பாத்துடுவோம்!” என்று உற்சாகமாக அவள் பலகையை எடுத்த செபஸ்தியான் பத்தொன்பதாம் அத்தியாயத்தைத் திறந்தார். உடனே பலகையைக் கவிழ்த்து வைக்கப் பார்த்தார். அதற்குள் வைத்தியலிங்கம் எட்டிப் பார்த்துவிட்டார். கோட்டைப் படிக்கும் பாடத்தை அவரும் இப்போதுதான் கேட்டிருந்தார்.

“இறங்குதே” என்றார். “இறங்குதே சுடர்.”

கோடு இறங்கித்தான் இருந்தது. இறங்கி, வாய்க்கால் தண்ணீர்போல அசையாமல் கிடந்தது. பக்கத்தில் இருந்த வரிகளை அவர் விரலை வைத்து, தன் வழக்கப்படி மெதுவாகப் படித்தார். கலங்கரை விளக்கத்துக் காவலர் படகில் ஏறுகிறார். ‘வலை காய்ந்ததா? வலை காய்ந்ததா பாக்கியம்?’ என்று மனைவியைக் கேட்கிறார். படகு திரும்பி வரவில்லை. ‘அதன்பிறகு அந்த வீட்டில் யாரும் எதையும் இரண்டு முறை கேட்கவில்லை’ என்று அத்தியாயம் முடிந்தது. கோடு இறங்கியது சரியாக அந்த வரியில்.

சுடர்க்கொடி அதை அன்றைக்கு மூன்று தடவை படித்திருந்தாள். கண் கலங்கியது உண்மை. எதற்குக் கலங்கியது என்று இப்போது தன்னையே கேட்டுக்கொள்ளப் பயமாக இருந்தது அவளுக்கு.

“அப்ப நாங்க கிளம்புறோம்மா” என்று செபஸ்தியான் எழுந்தார். பர்வீன் கண்ணைத் துடைத்தபடி பின்னாலேயே போனாள்.

வைத்தியலிங்கம் அவள் பலகையை மூடி மேசையில் வைத்தார்.

“காபி போடட்டுமா?” என்றார்.

அவள் காத்திருந்தாள். அவர் இரண்டாவது தடவை கேட்கவில்லை. எழுந்து போய்ப் போட்டுக்கொண்டு வந்து டம்ளரை அவள் முன்னால் வைத்தார். பிறகு தன் பலகையை எடுத்துக்கொண்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். நாடிவளையைச் சரிசெய்துகொண்டார்.

“பதினெட்டு நேத்தே முடிஞ்சுது. இனிமேதான் பத்தொன்பது.”

நெசவி பக்கத்தை முன்கூட்டியே நெய்து வைப்பதில்லை. வாசகர் தொடும்போதுதான் நெய்யும். பத்து நிமிடத்துக்கு முன்னால் அந்த மேசைப் பக்கத்தில் அவர் நாடி துள்ளிய துள்ளலும் அதற்குள் அதன் கையில் இருக்கும். சுடர்க்கொடிக்குக் காபியைத் தொடத் தோன்றவில்லை.

அவர் ஒரு பக்கம் படித்தார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

“இதுல ஒரு அம்மா வர்றாங்க. கழுத்துல...”

“கதையைச் சொல்லாதீங்க!” என்று கத்தினாள்.

விதி அவள் போட்டதுதான். அவர் தலையாட்டிவிட்டு மறுபடி குனிந்தார். பலகையின் ஓரத்தில் பச்சைக் கோடு ஊர்ந்தது. அவள் இருந்த இடத்திலிருந்து அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று சரியாகத் தெரியவில்லை. ஏறட்டும், தெய்வமே, ஏறி நிற்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தைத் தொட்டுத் திருப்பினார்.

“என்னங்க, பயமா இருக்கா?” என்றாள் சுடர்க்கொடி. பதில் வரவில்லை. “பயமா இருக்காங்க?”