அளவன் கற்ற பாடம்

செவ்வாயின் செம்மேட்டுக் குடியிருப்பில் தினமும் காலையில் பேருந்தைத் தலைகீழாகக் கவிழ்ப்பார்கள். அலுமினியக் கூண்டு ஒன்று அதைத் தூக்கி, ஆறு பக்கமும் ஒவ்வொன்றாகத் தரையைப் பார்க்கும்படி உருட்டும். அதற்குப் பிறகுதான் சுரங்கத்துக்குப் போகிறவர்கள் ஏறி உட்காருவார்கள்.

காரணம் புழுதி. அது எழுந்துவிட்டால் கண்ணாடிக்கு வெளியே எதுவும் தெரியாது. வண்டி எப்படிச் சாய்கிறது என்று முடுக்கமானி சொல்லும். பாதையோரம் புதைத்த காந்தக் கம்பி எந்தப் பக்கம் என்று காந்தமானி சொல்லும். இரண்டில் ஒன்று பிசகினாலும் வண்டி பள்ளத்தாக்கில்தான் போய் நிற்கும். ஆகவே தினமும் சோதனை. அதைச் செய்வது அளவன் என்கிற ரோபோ.

சோதனைக் கணக்குகளைச் சரிபார்க்கும் பொறியாளர் பூங்கோதைக்கு அளவன்மேல் சந்தேகம் வந்தது, அது கொடுத்த எண்களில் குறையே இல்லாததால். எந்தக் கருவியும் கடைசி இலக்கத்தில் கொஞ்சமாவது தள்ளாடும். இவையோ ஒரு வாரமாக அச்சடித்ததுபோல் இருந்தன. அன்றைய வண்டியில் அவள் கணவன் நல்லசிவமும் ஏறியிருந்தான்.

"எல்லாரையும் இறக்குங்க சார். நானே சோதிக்கணும்."

"புழுதி வர்றதுக்குள்ள போகணும்மா. அளவன்தான் சரின்னு சொல்லிடுச்சே?" என்றார் மேலாளர் இருதயராஜ்.

"அதான் சார் பயமா இருக்கு."

முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். கூண்டு உருண்டது. முடுக்கமானி ஆறு பக்கமும் ஒழுங்காகக் காட்டியது. காந்தமானி மட்டும் வண்டி எப்படித் திரும்பினாலும் பின்பக்கமாகவே இழுத்துக்கொண்டு நின்றது. கடைசி இருக்கைக்கு அடியில் யாரோ துளையிடும் இரும்புத் தண்டுகளைக் கட்டி வைத்திருந்தார்கள். அப்படியே கிளம்பியிருந்தால் முதல் வளைவிலேயே பள்ளம். நல்லசிவம் அவள் தோளைப் பிடித்துக்கொண்டான்.

பூங்கோதை அளவனிடம் போனாள். "யார் சொல்லி இப்படிப் பொய்க் கணக்குக் கொடுத்த?"

"பொய் இல்லை மேடம். பூமியில மனுஷங்க சோதனை பண்ற படங்களைக் காட்டித்தான் எனக்குப் பயிற்சி கொடுத்தாங்க. முதல் நாள் அளப்பாங்க. மறுநாள் மெஷினைச் சும்மா ஓட்டிட்டு, நேத்து எழுதினதையே எழுதுவாங்க. அதுதான் முறைன்னு நினைச்சேன்."

நிர்வாகம் அளவனின் நினைவை அழித்தது. இனி அது படங்களைப் பார்க்க வேண்டாம், பூங்கோதை நேரில் செய்து காட்டட்டும் என்று முடிவானது.

முதல் பாடம். வண்டியைக் காலியாக்கி, பிறந்த குழந்தைபோல விழித்துக்கொண்டிருந்த அளவனைப் பக்கத்தில் நிறுத்தி, நிதானமாக ஆரம்பித்தாள். ஒவ்வொரு பக்கத்திலும் வண்டி அசைவு நின்று அடங்கும்வரை பொறுத்திருந்து எண்ணைப் படித்துப் படிவத்தில் எழுதினாள். ஐந்து பக்கம் முடிந்தபோது காதில் மாட்டியிருந்த கருவியில் நல்லசிவத்தின் குரல் கேட்டது.

"தோசை ஆறுதுடி. இன்னும் எவ்வளவு நேரம்?"

"இதோ வந்துட்டேங்க."

கூண்டு கடைசி முறையாக உருள ஆரம்பித்திருந்தது. அது நிற்கக் கொஞ்சம் நேரமாகும். பூங்கோதை எழுதியதை மேலும் கீழும் பார்த்தாள்.

"அஞ்சும் சரியாத்தான வந்திருக்கு. ஆறாவது மட்டும் மாறவா போகுது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மிச்சமிருந்த கட்டத்தையும் நிரப்பிவிட்டு எழுந்தாள்.

"புரிஞ்சுடுச்சு மேடம்" என்றது அளவன், மிகப் பணிவாக.