தண்ணீர் குடித்த கட்டுமரம்

"ஆணி கிடையாது, இன்ஜின் கிடையாது. அட்லாண்டிக்கைத் தாண்டிக் காட்டுறோம்!" ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கேப் வெர்டே தீவில் கஸ்பார் பாய்மரத்தில் பாயை விரித்தபோது செலினுக்கு உடம்பு சிலிர்த்தது.

கொலம்பஸுக்கு முன்பே யாராவது இப்படி அமெரிக்காவைத் தொட்டிருக்க முடியுமா? அதைச் சோதிக்கத்தான் தூத்துக்குடிக்காரர்கள் மூவரும் பெரிய கட்டுமரம் ஒன்றைக் கட்டியிருந்தார்கள்: செலின், கணவன் கஸ்பார், கொழுந்தன் பிரிட்டோ. துணைக்கு ஒரு காவல் படகு பின்னால் வந்தது. அதன் இழுவைக் கயிற்றைப் பிடித்தால் பயணம் கணக்கில் சேராது!

பாதிக் கடலுக்கு மேல் தாண்டிவிட்டார்கள். அப்போதுதான் கணுக்காலை நனைத்த தண்ணீர் முழங்காலைத் தொட்டது.

"மரம் தண்ணி குடிச்சிட்டு!" கஸ்பார் தலையில் கை வைத்தான். "ஊர்ல கரையேறினதும் கட்ட அவுத்து மரத்தைக் காயப்போடுவோம். வாரக்கணக்கா கடல்லயே கிடந்தா என்னாகும்னு யோசிக்கவே இல்லையே!"

"நம்ம மூளையையும் சேத்துல்லா காயப்போட்டிருக்கோம்!" என்றான் பிரிட்டோ.

காவல் படகு நெருங்கியது. மாலுமி கயிற்றைச் சுழற்றினான்.

"பிடிச்சிருவோம்ட்டி. உன் உசுர விடவா இது பெருசு?" கஸ்பார் கயிற்றுக்குக் கை நீட்டினான்.

"கொஞ்சம் பொறுங்க!" செலினின் கண்கள் குடித்துத் தீர்ந்த மண்பானைகள் மேல் நின்றன. "இதுக வாயைத் தக்கையும் மெழுகும் வச்சு அடைப்போம். வலையில சுத்தி அடியில கட்டினா மரத்தைத் தூக்கிப் பிடிக்காதா?"

"பானை உடைஞ்சா, மதினி?"

"உடைஞ்சா கயிறைப் பிடிப்போம். இப்ப குதி!"

இடுப்பில் கட்டிய கயிறுகளைக் கஸ்பார் பிடித்துக்கொள்ள, செலினும் பிரிட்டோவும் கடலில் பாய்ந்தார்கள். மூச்சை அடக்கி மூழ்கினார்கள், கட்டினார்கள், மேலே வந்து மறுபடியும் மூழ்கினார்கள். அலை தூக்கியடித்ததில் ஒரு பானை மரத்தில் மோதிச் சிதறியது! செலின் பழைய சாக்குகளைக் கிழித்து மற்ற பானைகளுக்குச் சுற்றினாள். வெயில் சாயும் நேரத்தில் கட்டுமரம் ஒரு சாண் மேலே எழும்பியது.

"தூக்கிட்டு!" பிரிட்டோவின் கூச்சல் காவல் படகு வரை கேட்டது. கயிற்றை வீச வந்தவன் கைதட்டினான்.

காற்று கைகொடுத்தது. ஒரு காலையில் பிரேசிலின் தென்னைகள் தெரிந்தன. கரையில் ஒரே கூட்டம்! பத்திரிகைக்காரர் ஒருவர் முண்டியடித்து வந்தார்.

"அப்படியானால் பழங்கால மக்கள் இங்கே வந்தது உண்மைதானே?"

ஆமாம் என்று சொல்லக் கஸ்பார் வாயெடுத்தான். செலின் அவன் கையை அழுத்தினாள்.

"வந்திருக்க முடியும். நாங்க காட்டினது அவ்வளவுதான். வந்தாங்களாங்கிறதை இந்த மண்ணைத் தோண்டிப் பாக்குறவங்க சொல்லட்டும்."

"ஒரு ஆமா சொல்லியிருந்தா நாளைக்குப் பேப்பர்ல நம்ம படம் பெருசா வந்திருக்கும்ட்டி," என்று கஸ்பார் காதருகே முணுமுணுத்தான்.

"சின்னதா வரட்டுங்க. பொய்யில்லாம வரட்டும்."

அவன் சிரித்துவிட்டான். கடலிலேயே கிடந்த கால்கள் தரையில் தள்ளாட, ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு மணலேறினார்கள்.