ஐந்தாவது பால்

ஹஸ்னா மூன்று முறை உறிஞ்சினாள். நிலோபர் போத்தலைச் சற்றே கீழே சாய்த்தாள். பால் ரப்பர்க் காம்பை விட்டுப் பின்வாங்க, குழந்தை உதட்டை அசைக்காமல் ஒரு மூச்சு இழுத்து விட்டாள். அந்த நேரத்தில், அந்த அறையில், யாரோ ஒரு மிடறு விழுங்கினார்கள்.

நிலோபர் குழந்தையின் தொண்டையைப் பார்த்தாள். அது அசையவில்லை.

பகல் இரண்டு மணிதான். ஆனால் டிசம்பர் மழை நான்கு நாளாக விடாமல் ஊற்றி, பாலோ என்ற அந்த மலேசிய ஊரையே இருட்டாக்கி வைத்திருந்தது. தாமான் குடியிருப்பில் எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தது. கூரைத் தகரத்தில் மழையின் இரைச்சல், பொங்கி வழிந்த சாக்கடையின் சேற்று வாடை, கொடியில் காயாமல் தொங்கிய துணிகளின் பூஞ்சை மணம், கொதிக்கவைத்து எடுத்த போத்தல்களின் ஆவி, இத்தனைக்கும் நடுவில் ஒரு மிடறு சத்தம் கேட்டது என்றால் யார் நம்புவார்கள்? ஒழுங்காகத் தூங்கி மூன்று மாதம் ஆனவளுக்கு என்ன வேண்டுமானாலும் கேட்கும் என்று தன்னையே திட்டிக்கொண்டு அவள் போத்தலை மறுபடி உயர்த்தினாள்.

இருபத்தெட்டாவது வாரத்தில் பிறந்தவள் ஹஸ்னா. எழுபத்து நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். மூக்கு வழியாகப் போன மெல்லிய குழாயில்தான் பால் வயிற்றுக்கு இறங்கியது. வாயால் குடிப்பது என்றால் சும்மாவா? உறிஞ்ச வேண்டும், விழுங்க வேண்டும், நடுவில் மூச்சும் விட வேண்டும். நிறைமாதப் பிள்ளைகள் கையோடு கொண்டு வருகிற வித்தையை இவள் ஒவ்வொன்றாகக் கற்க வேண்டியிருந்தது. கற்றுக்கொடுத்தவள் வார்டுத் தாதி ஷர்மினி.

"பக்கவாட்டுல படுக்க வைங்க. மூணு தடவ உறிஞ்சட்டும், போத்தல சாய்ச்சிருங்க. மூச்சு விட மறந்துருவா லா இவ, நீங்கதான் ஞாபகப்படுத்தணும். முகத்த சுளிச்சா, விரல விரிச்சா, போதும்னு அர்த்தம். வம்படியா ஊட்டாதீங்க" என்பாள்.

வீட்டுக்கு வந்து ஒன்பது நாளாக நிலோபர் அதை அப்படியே செய்தாள். ஒவ்வொரு வேளையும் போத்தல் காலியானது. எடை மட்டும் ஏறவில்லை. வரும்போது இரண்டாயிரத்து ஐம்பது கிராம். இன்று காலை தராசில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது. திங்கட்கிழமை கிளினிக்கில் இதே எண் வந்தால் மறுபடி வார்டு, மறுபடி மூக்கில் குழாய். குடித்த பால் எங்கேதான் போகிறது?

மூன்று உறிஞ்சல். சாய்த்தாள். ஹஸ்னா மூச்சு விட்டாள்.

போத்தலுக்குள் சின்னக் குமிழிகள் வரிசையாக மேலே ஏறின. பாலின் மட்டம் ஒரு கோடு இறங்கியது. குழந்தையின் கன்னம் அசையாமல் இருந்தது. ஒரு மிடறு. இன்னொன்று. நான்கு, ஐந்து, ஆறு. இடையில் ஓர் இழுப்புக்கூட இல்லை. குடிப்பது எதுவோ, அதற்கு மூச்சுக்காக நிற்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

அவள் போத்தலைப் பிடுங்கி எடுத்தாள். முக்கால்வாசி காலி. ஹஸ்னா கண்ணைத் திறக்காமலேயே காம்பைத் தேடி வாயைத் திருப்பினாள்.

கைபேசியில் உபைத்தைக் கூப்பிட்டாள். அவள் கணவனுக்குக் குளுவாங் டவுனில் சாப்பாட்டுக் கடை. பின்னால் தட்டுகள் மோதும் சத்தம் கேட்டது.

"ரோட்டுல முட்டியளவு தண்ணிம்மா. கொஞ்சம் வடிஞ்சதும் எப்படியாவது வந்துர்றேன். புள்ள குடிச்சாளா?"

"அவ குடிக்கல மச்சான். போத்தல் காலியாவுது, அவ குடிக்கல."

"என்ன பேசுற நீ? போய்க் கொஞ்சம் படு."

"எனக்குச் சபீதாவோட புள்ள நெனப்பாவே இருக்கு."

தட்டுச் சத்தம் தூரமானது. பிறகு அவன் குரல் இறங்கியது. "அத எதுக்கு இப்ப இழுக்குற? அல்லாஹ் கொடுத்தான், எடுத்துக்கிட்டான். வச்சிர்றேன், கடையில கூட்டம்."

சபீதா பெக்கோக்கிலிருந்து வந்தவள். வார்டில் அடுத்த பெட்டி அவள் மகனுடையது. பெயர்கூட வைக்கவில்லை, காலில் 'சபீதா மகன்' என்று சீட்டு. அவளுக்குப் பால் ஊறவே இல்லை. நிலோபருக்கோ சட்டை நனையும் அளவுக்கு ஊறியது. "லாத்தா, என் மவனுக்குக் கொஞ்சம்" என்று அக்கா முறை சொல்லி அவள் கேட்டபோது நிலோபர் உடனே சம்மதித்தாள். இரண்டு கணவன்மாரும் கையெழுத்துப் போட்டார்கள். ஒவ்வொரு முறை கொடுத்ததையும் ஷர்மினி புத்தகத்தில் குறித்தாள். ஏன் குறிக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, அவர்களுக்கே தெரியும். மார்க்கப்படி, வயிறு நிறைய ஐந்து முறை பால் கொடுத்துவிட்டால் அந்தப் பிள்ளை கொடுத்தவளின் பிள்ளை. ஹஸ்னாவுக்கு அவன் கூடப்பிறந்தவன். நாளைக்கு இரண்டு பேருக்கும் நிக்காஹ் ஆகாது.

நான்கு முறை ஆனதும் உபைத் அவளைத் தனியாக அழைத்துப் போனான். "நாலோட நிறுத்திரு. அஞ்சு ஆனா அது நம்ம புள்ள கணக்கு. பொறவு வரவும் போகவும், ஒறவு கொண்டாடவும், நமக்கு எதுக்கு வம்பு?" நிலோபரும் சரி என்றாள். ஒரு கிலோகூட இல்லாத இரண்டு சிசுக்களின் கல்யாணத்தைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் இந்த உலகத்திலேயே இவர்கள் இருவராகத்தான் இருப்பார்கள்.

ஐந்தாம் முறைக்குச் சபீதா கழுவிய போத்தலோடு வந்து நின்றாள்.

"இன்னிக்கு எனக்கே பத்தல, சபீதா" என்றாள் நிலோபர்.

சபீதா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் இருந்த பால் குளிர்பெட்டியின் கண்ணாடிக் கதவைப் பார்த்தாள். உள்ளே நிலோபரின் பெயர் ஒட்டிய இரண்டு போத்தல்கள் நிறைந்து நின்றன.

"சரி லாத்தா" என்று மட்டும் சொன்னாள்.

பையனுக்குப் பவுடர் பால் கொடுத்தார்கள். மறுநாள் வயிறு ஊதியது. மூன்றாம் நாள் பெட்டி காலி. இவ்வளவு சின்னப் பிள்ளைகளுக்கு எப்படியும் வரக்கூடிய நோய்தான் என்றார் டாக்டர். யாரும் நிலோபரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாராவது நாலு வார்த்தை ஏசியிருந்தால் அவளுக்கு ஆறியிருக்கும்.

அன்று ஐந்து மணி வேளைக்கு, வீட்டுக் குளிர்பெட்டியில் மூன்று போத்தல்கள் இருந்தன. காலையிலிருந்து பாலெடுக்கும் பம்பில் ஒரு சொட்டு வரவில்லை; பயத்தில் மார்பு இரண்டும் வற்றிக் கிடந்தன. முதல் போத்தலைச் சுடுநீர்க் கிண்ணத்தில் நிறுத்தி, துண்டை எடுக்கத் திரும்பினாள். பின்னால் குமிழிச் சத்தம். திரும்பிப் பார்த்தபோது போத்தல் காலியாக மிதந்து கிண்ணத்தின் விளிம்பில் தட்டிக்கொண்டிருந்தது. அடுத்ததைக் கையிலேயே இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஹஸ்னாவிடம் ஓடினாள். அடுப்படியிலிருந்து அறைக்கு எட்டு அடி. காம்பைக் குழந்தையின் உதட்டில் வைக்கும்போது போத்தல் கனமில்லாமல் இருந்தது.

ஹஸ்னா முஷ்டியை வாயில் வைத்துச் சப்பினாள். அழத் தெம்பில்லை. ஒரு முனகல். பிறகு அதுவும் இல்லை. உதட்டைச் சுற்றி லேசாக நீலம் படர்ந்திருந்தது.  நிலோபர் மூன்று முறை உபைத்தைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது; முட்டியளவு தண்ணீரில் ஆம்புலன்ஸும் வராது.

ஒரே ஒரு போத்தல். இதுவும் போனால்?

அறையின் மூலையில் உதடு சப்பும் சத்தம் கேட்டது. நிதானமாக. காத்திருக்கிற மாதிரி.

"ஒனக்கு நான் கொடுக்காத அஞ்சாவதுதானே வேணும்?" அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "குடிச்சிட்டுப் போயிரு. எம் மவள விட்டுரு."

ஹஸ்னாவைத் தொட்டிலில் படுக்க வைத்தாள். கடைசிப் போத்தலைச் சூடாக்கினாள். இந்த முறை எதுவும் குறையவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து மடியில் தலையணையை வைத்தாள். வழக்கம்போலப் பக்கவாட்டில், ஒரு தலை எங்கே இருக்குமோ அந்த இடத்துக்கு நேராக, காம்பை நீட்டினாள். பிஸ்மி சொன்னாள். 

தலையணை நடுவில் மெல்லக் குழிந்தது.

கனம் வந்தது. ரொம்ப இல்லை. ஒரு கிலோகூட இல்லை. ஆஸ்பத்திரிச் சோப்பின் வாசனை. பவுடர் பாலின் புளித்த வாசனை. காம்பு நசுங்கியது.

ஒன்று. இரண்டு. மூன்று. பழக்கத்தில் அவள் கை போத்தலைச் சாய்த்தது. உறிஞ்சல் நிற்கவில்லை. நான்கு. ஏழு. பத்து. அவள் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். கடைசிச் சொட்டும் போன பிறகு காற்றை இழுக்கும் சத்தம் வந்தது. பிறகு அமைதி.

மழைகூட ஓய்ந்திருந்தது.

முடிந்தது என்று நினைத்தாள். அல்ஹம்துலில்லாஹ், முடிந்தது. அந்த நிம்மதியில் மார்பு இரண்டிலும் சுருக்கென்று குத்தி, ஒரே சமயத்தில் பால் பெருகியது. சட்டை நனைந்தது. அவள் அழுதாள், சிரித்தாள். இனி ஹஸ்னாவுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் உண்டு. திங்கட்கிழமைக்குள் எடை ஏறிவிடும். தொட்டிலை நோக்கி எழுந்தாள்.

தலையணை கீழே விழுந்தது. கனம் விழவில்லை.

அது அவள் வலது கையின் மடிப்பில் இருந்தது. அவள் மடக்காமலேயே கை மடங்கியிருந்தது. நீட்டப் பார்த்தாள். முடியவில்லை. விரல்கள் தாமாகவே ஒரு சின்ன முதுகைத் தட்டிக்கொடுத்தன. நெஞ்சில் ஏதோ முட்டியது, தேடியது, கண்டுபிடித்தது.

வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தாள்.  ஐந்து முறை கொடுத்தாகிவிட்டது; இப்போது இவனும் அவள் பிள்ளை. இனி எந்த வாயால் போ என்பது?

இடது கையால் தொட்டிலின் கம்பியைப் பிடித்தாள். எட்டினாள். ஹஸ்னாவின் கால் விரல்வரைதான் எட்டியது. சில்லென்றிருந்தது. இடது மார்பும் வற்றுவது தெரிந்தது. அந்தப் பக்கத்துப் பாலும் இந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

கதவு திறந்தது. முழங்கால்வரை சேறோடு உபைத் நின்றான். "எத்தன தடவ கூப்புட்டிருக்க, போன் நனைஞ்சி எடுக்க முடியாம..." என்று ஆரம்பித்தவன் தொட்டிலைப் பார்த்தான். பிறகு அவள் மடக்கி வைத்திருந்த வெறுங்கையை.

"ஹஸ்னா அங்கக் கெடக்கா. நிலோ, நீ யாருக்குக் கொடுத்துக்கிட்டு இருக்க?"

அவள் தலை நிமிரவில்லை. தட்டிக்கொடுப்பதையும் நிறுத்தவில்லை.

"நம்ம புள்ளைக்குத்தான், மச்சான்."

அவளுடைய ஈரச் சட்டை உள்ளே குழிந்தது. எழுந்தது. குழிந்தது. எழுந்தது. தொட்டிலில் ஹஸ்னாவின் வாய் திறந்து, காற்றை ஒருமுறை கவ்வி, திறந்தபடியே நின்றது.