கல்லறைப் பக்கமிருந்து வந்த அழைப்பு

காணாமல் போனவன் நான்கு நாளாகத் தினமும் மாலை நான்கு மணிக்கு, போன் கம்பெனிக் கணக்குப்படி கல்லறைத் தோட்டத்திலிருந்து, மனைவிக்குப் போன் செய்துகொண்டிருந்தான். எடுத்தால் பேச்சில்லை. தண்ணீர் சொட்டும் ஓசை மட்டும். இரண்டு நிமிடத்தில் கட்டாகிவிடும்.

"போலீஸ்காரங்க அங்க ரெண்டு குழி தோண்டிப் பார்த்துட்டாங்க," என்றாள் அந்த மனைவி. "உள்ளே இருந்தவங்க எல்லாம் பழைய ஆளுங்க."

அவள் தேடி வந்திருந்தது, போன் கம்பெனியில் முப்பது வருஷம் சிக்னல் அளந்து ஓய்வு பெற்ற ஒரு பெண்மணியை. அந்த அம்மாளின் துப்பறிதலுக்குக் கூடமாட நிற்பவன் அந்த அம்மாளின் சொந்தக் கொழுந்தன். பேய் என்றால் கொழுந்தனுக்குக் கொள்ளை ஆசை, அது தூரத்தில் இருக்கும்வரை.

"அண்ணி, செத்தவனுக்கு சார்ஜ் எப்படி நிக்குது?"

"கம்பெனி கொடுத்த அந்தக் கால் பட்டியலைக் கொடுப்பா முதல்ல."

அந்த வட்டாரத்துக்கு ஒரே செல்போன் கோபுரம். வடக்கே பார்த்து ஒரு ஆன்டெனா முகம், தெற்கே பார்த்து ஒரு முகம். சிக்னல் போய்வரும் நேரம் தூரத்தைச் சொல்லும். எந்த முகம் கேட்டது என்பது திசையைச் சொல்லும். பட்டியல் சொன்னது: வடக்கு, இரண்டு கிலோமீட்டர். அங்கே கல்லறைகள்தான்.

அண்ணியின் விரல் வேறொரு வரியில் நின்றது. "இது நீ வீட்டிலேருந்து அவருக்குப் போட்ட கால். உன் வீடு எங்கம்மா?"

"கோபுரத்துக்குத் தெற்கே. பத்து நிமிஷ நடை."

"இதுல வடக்கேன்னு இருக்கு."

கொழுந்தன் மெல்லக் குனிந்து அவள் கால்களைப் பார்த்தான். தரையில்தான் இருந்தன.

"வீட்டுக்காரருக்கு என்ன வேலை?"

"கோபுரம் ஏறுறது. போன வாரம் இதே கோபுரத்துலதான் கேபிள் மாத்தினாரு."

"ரெண்டு முகத்துக்கும் போற கேபிள் ஒரே கருப்பு. முனையில சுத்துற கலர் டேப்தான் அடையாளம். மாத்தி மாட்டிட்டாரு. தூரம் நிஜம், திசை பொய். தெற்கே ரெண்டு கிலோமீட்டர்ல என்ன இருக்கு?"

"மூடிப்போன ஐஸ் ஃபேக்டரி... அவரு குறுக்கே நடந்து போற வழி..." அதற்குள் அவள் வாசலில் இருந்தாள்.

அங்கே நிலத்தடித் தொட்டியின் மூடி உடைந்து உள்ளே விழுந்திருந்தது. டார்ச் வெளிச்சத்தில், முழங்கால் தண்ணீரில், கால் ஒடிந்த ஒருவன். நாளுக்கு இரண்டே நிமிடம் ஆன் செய்து சார்ஜைக் காத்த போனைக் காதில் வைத்து, சொட்டும் ஓசைக்கு மேல் எழும்பாத கட்டிய குரலில் முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

"ஏங்க," என்றாள் மனைவி. தொட்டி விளிம்பில் குப்புறப் படுத்துக் கையை நீட்டினாள்.

அண்ணி எட்டிப் பார்த்தாள். "தம்பி, போன வாரம் எந்தக் கேபிளை எங்க மாட்டினீங்க?"



"செகப்பு டேப் தீந்துபோச்சுக்கா," என்று கரகரத்தது இருட்டு. "கயிறு இருக்கா?"