யாரும் கேட்காத பூட்டு

ஸோம்பா நகர இரத்த வங்கியில் பதிவு வேலை பார்த்த தடாலா, துப்பறிபவர் ம்பேவேயிடம் முதலில் சொன்னது தன் வேலை போனதைப் பற்றி அல்ல.

"எங்க அண்ணி அலினாஃபே பிரசவத்துல ரத்தம் கிடைக்காம செத்துட்டாங்க, ஐயா. இருந்த ரத்தப் பையெல்லாம் கெட்டதுன்னு நான்தான் பதிஞ்சேனாம். அடக்கத்துலகூட அண்ணன் என் முகத்தைப் பாக்கல."

"நீ என்னம்மா பதிஞ்ச?"

"நல்லதுன்னு. எங்க கணினியில இன்னும் அப்படித்தான் இருக்கு. பிளான்டயர் தலைமைக் கணினியிலதான் கெட்டதுன்னு இருக்கு. ஆஸ்பத்திரி அதைத்தானே பாக்கும்? பயந்துபோய் நான் பின்னாடி இங்க மாத்திட்டேங்கிறாங்க."

உதவியாளன் யான்கோ துள்ளினான். "அப்போ வழியிலதான் மாறியிருக்கு, சார்."

"வழிக்குப் பூட்டும் முத்திரையும் இருக்காமே."

பூட்டு, செய்தியைப் பிறர் படிக்காமல் மறைக்கும். முத்திரை, வழியில் ஓர் எழுத்து மாறினாலும் காட்டிக்கொடுக்கும். இரண்டும் தங்களிடம் இருப்பதாக இரு ஊர் அலுவலகங்களும் அடித்துச் சொல்லின. ம்பேவே இரு முனைகளின் அமைப்பையும் தானே பார்த்தார். இன்னொன்றையும் கவனித்தார். புயலில், இரு ஊருக்கும் நடுவே செய்திகளைக் கடத்தும் தொண்ட்வே கோபுரம் பழுதாகி, செய்திகள் வேறு தடத்தில் போன வாரத்தில் ஒரு பைகூடக் கெட்டதாகப் பதிவாகவில்லை.

பிறகு எல்லோரையும் இரத்த வங்கிக்கு அழைத்தார். இரு அலுவலகத்து அதிகாரிகளும் வந்தார்கள். கோபுரத்தைப் பராமரிக்கும் மசாவுகோ சிரித்துக்கொண்டே வந்தான். தடாலாவின் அண்ணன் கொண்ட்வானி மட்டும் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான்.

"ரத்தம்னாலே எனக்கு மயக்கம் வரும். என்னை எதுக்குய்யா கூப்பிட்டீங்க?" என்றான் மசாவுகோ.

ம்பேவே அதிகாரிகளைப் பார்த்தார். "ரெண்டு பேர்கிட்டயும் பூட்டு இருக்கு. ஆனா, எதிர்முனை கேட்டா போடுறேன்னு ரெண்டு பேருமே அமைச்சிருக்கீங்க. முத்திரைக்கும் அப்படித்தான். அவங்க கேக்கட்டும்னு நீங்க, நீங்க கேக்கட்டும்னு அவங்க. கடைசியில எதுவுமே போடல. செய்தி திறந்தபடி போயிருக்கு. நடுவுல நிக்கிறவன் படிக்கலாம், மாத்தலாம். கோபுரத்துச் சாவி இந்த மசாவுகோகிட்ட மட்டும்தான். கெட்ட பைகளை அள்ளிட்டுப் போற வண்டி இவன் மச்சானோடது. அது தனியார் கிளினிக் பின்வாசல்ல நின்னதை யான்கோ பாத்திருக்கான். நல்ல ரத்தம் அங்க விலைக்குப் போயிருக்கு."

"அந்தப் பொண்ணு தப்பா தட்டினதுக்கு என் தலையை உருட்டுறீங்களா?"

"இன்னிக்குக் காலையில தட்டினது நான். எல்லாமே நல்லதுன்னு. தடாலா பக்கத்துல உக்காந்து மண்டாசிப் பணியாரம் தின்னுட்டிருந்தா. பாதிப் பை கெட்டதுன்னு பிளான்டயர் போய்ச் சேர்ந்திருக்கு."

மசாவுகோவின் சிரிப்பு நின்றது. காவலர்கள் அவனை அழைத்துப் போனார்கள்.

"நாங்க பூட்டு வேணாம்னு சொல்லலையே," என்று முணுமுணுத்தார் ஓர் அதிகாரி.

"சொல்லலைதான். கேக்கவும் இல்ல."

அதிகாரிகளும் கிளம்பினார்கள். எல்லாவற்றையும் கேட்டிருந்த கொண்ட்வானி வாசலிலேயே நின்றான். அவன் முதுகில், சிதென்ஜே துணியில் கோணலாக விழுந்த முடிச்சுக்குள், தாயில்லாப் பிள்ளை தூங்கியது. அவன் தரையைப் பார்த்தான். தடாலா தன் கைகளைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்த யான்கோவின் தோளை ம்பேவே அழுத்தினார்.

தடாலா எழுந்தாள்.

"அண்ணே, பாப்பாவைக் கொஞ்சம் என்கிட்ட தர்றியா?"

கொண்ட்வானி முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினான்.